சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம்

வழக்கத்தைவிடச் சீக்கிரமாக, மழையில் தொப்பலாக நனைந்து கணவன் ரூபேந்திரன் வாசலில் வந்து நின்றபோது பிரேமலா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அதில் ஆன்லைன் ஆங்கில வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. இயர்போனை மகள் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போய்விட்டதால், டீச்சர் அபிகெயிலின் குரல் சிங்கப்பூர் எல்லையோரத்து ஸ்கூடாய் ஊரில் அந்த வீட்டின் கூடம் முழுக்கக் கேட்டது.

மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் இந்த வகுப்பு என்று கணவனிடம் சொல்லி வைத்திருந்தாள். நாளைக்கு அவளுக்குச் சிங்கப்பூர் முதியோர் இல்லமொன்றில் வேலைக்கு இண்டர்வியூ இருப்பது டீச்சருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவன் கணக்கில், வருடக் கடைசியில் குடும்பமே அவனுடைய சொந்த ஊரான லாபிஸுக்குப் போகிறது, அவன் அப்பாவின் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வீட்டில் எதிர்காலத்துக்கென்று இருந்தது ஒரே சொல்தான்: "பாக்கலாம்." அதையும் அவன்தான் சொல்வான். முடியாது என்று அதற்கு அர்த்தம்.

இங்கிலீஷ்காரன் அப்படிக் கஞ்சத்தனம் பண்ணவில்லை. நோ சான்ஸ், ஸ்லிம் சான்ஸ், ஃபேர் சான்ஸ், குட் சான்ஸ் என்று படிப்படியாக ஏற்றி வைத்திருந்தான். இன்றைய பாடமே அதுதான். ஆளுக்கொரு வாக்கியம், சொந்த வாழ்க்கையிலிருந்து.

ரூபேந்திரன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு கோப்பை மைலோ கலக்கினான்.

"பிரேமலா, இப்ப நீங்க. சிங்கப்பூர் வேலை கிடைக்குமா? வாட் ஆர் தி சான்சஸ்?" என்று கேட்டார் அபிகெயில்.

கரண்டிச் சத்தம் நின்றது. லைன் சரியில்லை என்று சொல்லி மூடிவிடலாம். கையும் அதற்குத்தான் போனது. ஆனால் இங்கேயும் மூடிவிட்டால் அப்புறம் எங்கேதான் வாயைத் திறப்பது?

"தேர் இஸ் எ குட் சான்ஸ், டீச்சர்."

"வெரி குட்! ஹஸ்பண்ட் ஒத்துக்குவாரா? அதுக்கும் ஒரு சென்டென்ஸ் சொல்லுங்க."

"என்னா வேலை?" என்றான் அவன், இருந்த இடத்திலிருந்தே. குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"சிங்கப்பூர்லங்க. நாளைக்கு இண்டர்வியூ."

"லாபிஸ் போறோம்னு அம்மாகிட்ட சொல்லியாச்சு லா."

"எங்கிட்ட கேட்டீங்களா?"

அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு அவன் சொன்னான், "டீச்சர் கேக்கறாங்கல்ல. பதில் சொல்லு."

திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். ஒருவரும் அசையவில்லை. ஸ்லிம் சான்ஸ் என்றால் போதும். உண்மையும் அதுதான். எல்லாரும் சிரித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள்.

"ஐ ஆம் கோயிங், டீச்சர்," என்றாள் பிரேமலா. "ஹி அக்ரீ, ஹி டோன்ட் அக்ரீ, ஐ ஆம் கோயிங்."

அபிகெயில் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதுல... சான்ஸ் வரலையேம்மா."

"வராது டீச்சர்."

நாற்காலி தரையில் இழுபட்டது. திரையில் அவளுடைய கட்டத்துக்குள், அவள் முகத்துக்குப் பின்னால், ஈரச் சட்டையொன்று வந்து நின்றது. கழுத்துக்கு மேலே எதுவும் தெரியவில்லை. பொத்தான்கள் மட்டும் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.