ஜப்பான் ஒரிஜினல்

கிதிர் முகம்மது மகன் உவைஸுக்கு விட்டுப்போனவை மூன்று: ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜ், சர்க்கரை வியாதி, ஒரு டிவி கேம். முதல் இரண்டைப் பற்றி உவைஸ் யாரிடமும் பேசமாட்டான். மூன்றாவதைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது.

வாப்பா தொண்ணூற்று மூன்றில் துபாயிலிருந்து கொண்டுவந்த அந்தச் சாம்பல் நிறப் பெட்டி, லாட்ஜின் முன்னறையில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது. பக்கத்தில் பலகை: ‘தென் தமிழகத்தின் முதல் டிவி கேம். ஜப்பான் ஒரிஜினல். தொடாதீர்கள்.’ அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நடுங்கிக்கொண்டு வருகிறவர்களும் அதன் வரலாற்றைக் கேட்காமல் அறைச் சாவியை வாங்கிவிட முடியாது.

அதில் விளையாடியவர்கள் குறைவு. வளைகுடாச் சாமான் என்றால் பாலிதீன் உறையைக் கிழிக்காமல் வைத்திருப்பதுதான் அந்த வீட்டுப் பெருமை. சோபாவே பத்து வருடம் உறையோடு இருந்தது, உட்கார்ந்தால் சரசரக்கும். “ஸ்குரூவத் தொட்டா ஒரிஜினல் போயிரும்” என்று வாப்பா சொல்லிவைத்ததால், முப்பது வருடத்துக்கு மேலாக அந்தப் பெட்டியின் முதுகை ஒருவரும் திறக்கவில்லை.

அதே வருடம் உவைஸோடு ஆறாம் வகுப்பு படித்த மணிமுத்துவுக்கும் ஒரு டிவி கேம் கிடைத்தது. குற்றாலத்து சீசன் கடையில் அவன் அப்பா வாங்கிக் கொடுத்தது. உவைஸ் வகுப்பில் எழுந்து நின்று, “சார், இவன்ட்ட இருக்கது டூப்ளிகேட் சார்” என்றான். வாத்தியாரே சிரித்துவிட்டார். அன்றோடு மணிமுத்து, டூப்ளிகேட் மணி ஆனான். தென்காசியில் பட்டப்பெயர் வைக்க ஒரு நிமிடம் போதும். எடுக்க ஆயுசு போதாது. பெண் கேட்டுப் போன இடத்தில், “மாப்பிள்ள டூப்ளிகேட்டுன்னு சொல்லுதாவளே” என்று பெண்ணின் அப்பா கலங்கிப்போய், நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான் சம்மதித்தார்.

இந்த சீசனுக்கு ஸ்ரீதேவி என்ற சென்னைப் பெண் வந்திருந்தாள். பழைய டிவி கேம்களைத் தேடிப்பிடித்து இணையத்தில் பட்டியல் போடுகிறவள். உவைஸின் பெட்டி ஒரிஜினலாக இருந்தால் முதல் பக்கத்தில் போடுவதாகச் சொன்னாள். ஆனால் திறந்து பார்க்கவேண்டும். உவைஸ் யோசிக்கவே இல்லை. சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்பினான்; தன் படத்தையும் பெட்டியின் படத்தையும் சேர்த்து ஃபிளெக்ஸ் வைத்தான். படத்தில் பெட்டியைவிட அவன் பெரிதாக இருந்தான்.

அவன் மனைவி ஜாஹிரா பீவிதான் கேட்டாள்: “ஏங்க, தெறந்து பாத்து அது டூப்ளிகேட்டா இருந்துட்டா?”

“வாய வச்சிக்கிட்டு சும்மா இரி” என்றான். ஆனால் அன்று ராத்திரி கண்ணாடிக் கூண்டை இரண்டு தடவை துடைத்தான். பட்டியல் போனால் போகட்டும். ஊர் என்ன பெயர் வைக்கும்? ‘டூப்ளிகேட் உவைஸ்’ என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். வாய்க்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. அதுதான் பயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை முன்னறை நிறைந்துவிட்டது. பழைய பெட்டியை உடைக்காமல் திறக்கத் தெரிந்தவன் சுற்றுவட்டாரத்தில் ஒருவன்தான். டிவி மெக்கானிக் மணிமுத்து ஸ்குரூ டிரைவரோடு வந்து உட்கார்ந்தான்.

“தெறக்கவா உவைஸு?”

உவைஸ் தலையாட்டினான். ஸ்குரூக்கள் கழன்றன. மூடி எழும்பியது. உள்ளே கையகலப் பச்சைத் தகடு ஒன்று கிடந்தது. நடுவில் ரோட்டில் சிந்திய தார் மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. அவ்வளவுதான். மணிமுத்து அதைப் பார்த்தான். பிறகு உவைஸைப் பார்த்தான்.

“மணி, மூடிருலே” என்றான் உவைஸ், உதடு அசையாமல். ‘டூப்ளிகேட்’ என்ற முன்னொட்டு இல்லாமல் அவன் மணியைக் கூப்பிட்டது முப்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அதற்குள் ஸ்ரீதேவி எட்டிப் பார்த்துவிட்டாள். “இது காப்பி சார். ஒரிஜினல்ல இப்படி ஒத்தப் பொட்டு இருக்காது, சிப்பு வரிசையா இருக்கும். கேசட் இல்லாமலே நூத்திப் பதினெட்டு கேம் ஓடும்னு நீங்க சொன்னப்பவே நெனச்சேன். வருத்தப்படாதீங்க, போலிகளுக்கும் கடைசியில ஒரு பக்கம் வச்சிருக்கோம்.”

உவைஸ் பலகையை எடுத்துக் கவிழ்த்து வைத்தான். துபாய் வெயிலில் வாப்பா கருகிச் சம்பாதித்ததை எவனோ ஒரு கடைக்காரன் சிரித்த முகத்தோடு ஏமாற்றிப் பிடுங்கியிருக்கிறான் என்று நினைத்தபோது உண்மையிலேயே அழுகை வந்தது. அடுத்த நொடியே, பார்த்து வாங்கத் தெரியாத வாப்பா மேல் ஆத்திரமும் வந்தது.

பின்வரிசையிலிருந்து, எதிர்க்கடை பெஞ்சமின் சொன்னான்: “அப்போ இன்னிக்கிலேர்ந்து நம்மாளு டூப்ளிகேட் உவைஸு!”

எல்லாரும் சிரித்தார்கள். உவைஸின் மச்சான்கூடச் சிரித்தான். சிரிக்காதவன் மணிமுத்து மட்டும்தான். ஸ்குரூ டிரைவரோடு எழுந்து நின்றான்.

“ஏலே பெஞ்சமினு, எம்பேரத் தூக்கி இவனுக்குக் குடுக்க நீ யாருலே?”

சிரிப்பு நின்றது.

“அந்தப் பேர போர்டுல எழுதிக் கட நடத்துதேன். ஆலங்குளத்துலேர்ந்து, சுரண்டைலேர்ந்து டூப்ளிகேட் கட எங்கன்னு கேட்டு வாரான். நான் ரிப்பேர் பாத்த டிவி ஒண்ணு திரும்பி வந்தது உண்டா? இவன் முப்பது வருசமா தெறந்துகூடப் பாக்காம ஒரிஜினல்னு சொல்லிட்டு அலைஞ்சவன். இவனும் டூப்ளிகேட்டு நானும் டூப்ளிகேட்டுன்னா எம்பொழப்பு என்னாவது? வேற பேரு பாருங்க.”

பேச்சில் நியாயம் இருந்தது. கூடியிருந்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வேறு பெயரும் யோசித்தார்கள். ஒன்றும் ஒட்டவில்லை. சீசன் கூட்டம் ஏறியதும் அதையும் மறந்துவிட்டார்கள். ஒரு கேலிப்பெயருக்குக்கூடத் தான் தேறாமல் போனதுதான் உவைஸை உள்ளுக்குள் அரித்தது.

பத்து நாள் கழித்து, அருவிக்கரையில் ஒரு குடும்பம் உவைஸ் லாட்ஜுக்கு வழி கேட்டது. பக்கத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த உவைஸுக்கு அது கேட்டது.

“எந்த உவைஸு? இங்கன ஏழெட்டுப் பேரு இருக்காவளே” என்று ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு முகம் தெளிந்தது. “ஓ, நம்ம டூப்ளிகேட் மணி அண்ணாச்சிகூடப் படிச்சவரா?”

உவைஸ் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“ஆமா. நான்தான்.”