நடுக்கோடுதான் பூஜ்யம்

தர்மராஜ் ஆட்டு வியாபாரி. முதுகுளத்தூர்ச் சந்தையில் அவரிடம் ஆடு வாங்கியவர்கள், வீட்டுக்குப் போன பிறகுதான் அதன் வயதைத் தெரிந்துகொள்வார்கள். ஊர்ப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பதவியையும் அதே திறமையில்தான் பிடித்திருந்தார்.

அவருக்கும் ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் கலைச்செல்விக்கும் தகராறு. டீச்சர் கணக்குப் பாடத்தைக் கபடிக் களத்தில் வைத்து நடத்தினார். நடுக்கோடு பூஜ்யம். எதிரணிப் பக்கம் பிளஸ், நம் பக்கம் மைனஸ். தர்மராஜின் மகள் முருகலட்சுமிக்குக் கணக்கு பிடிபட்டதே அங்கேதான். கூடவே தொடையைத் தட்டிக்கொண்டு கபடி பாடிப் போகவும் பழகிவிட்டாள். தகப்பனுக்குப் பொறுக்காதது இந்த இரண்டாவதுதான்.

சொல்லிப் பார்த்தார். டீச்சர் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஆடுகளை ஓட்டிவந்து களம் முழுக்க நிறுத்திவிட்டார்.

“லாரி வர்ற வரைக்கும் இங்கனதான் நிக்கும் டீச்சர். பிள்ளைகளை உள்ள உக்கார வச்சுப் பாடம் நடத்துங்க.”

“லாரி எப்ப வரும்?”

“வருசப் பரீச்சை முடியவும் வரும்.”

கூட வந்த வியாபாரிகள் இருவரும் சிரித்தார்கள். டீச்சர் வகுப்பை வெளியே அழைத்துவந்து ஆடுகளுக்கு நடுவிலேயே நிறுத்தினார்.

“நீங்களே ஒரு கணக்குக் கேளுங்க. உங்க மக தப்பாச் சொன்னா நாங்க இனிமே களத்துப் பக்கம் வரலை. சரியாச் சொன்னா ஆடு வெளிய போகணும்.”

சக வியாபாரிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேரத்திலிருந்து நழுவ முடியுமா?

“மைனஸ் நாலையும் ஆறையும் கூட்டுனா எம்புட்டு?” என்றார் தர்மராஜ்.

முருகலட்சுமி ஒரு கிடாயைக் கொம்பைப் பிடித்துத் தள்ளினாள். அடியில் நடுக்கோடு தெரிந்தது. அதிலிருந்து தன் பக்கம் நாலு எட்டு பின்னால் போனாள். திரும்ப ஆறு எட்டு முன்னால் வந்தாள். கோட்டைத் தாண்டி நின்று, “பிளஸ் ரெண்டு” என்றாள்.

“நடந்து பாத்துச் சொல்றதெல்லாம் ஒரு கணக்கா? பரீச்சை எழுதையில எந்திரிச்சு நடப்பியாக்கும்?”

“அய்யா, சந்தையில துண்டைப் போட்டு மூடி, உள்ள விரலைப் பிடிச்சுத்தானே நீங்க வெல பேசுறீக. நாளைக்குத் துண்டும் விரலும் இல்லாமப் பேசிட்டு வாங்க. அப்புறம் என் காலைக் கொறை சொல்லுங்க.”

வியாபாரிகள் இம்முறையும் சிரித்தார்கள். ஆள்தான் மாறியிருந்தது.

தர்மராஜ் துண்டை உதறித் தோளில் போட்டார். “சரி, நின்ன இடத்துல சொல்லு. மைனஸ் ஏழும் மூணும்?”

அவள் நகரவில்லை. மண்ணில் கால் கட்டைவிரல் மட்டும் லேசாக அசைந்தது.

“மைனஸ் நாலு. இன்னும் கோட்டைத் தொடலை.”

தர்மராஜ் டீச்சரிடம் திரும்பினார். “மத்தியானம் வரைக்குமாச்சும் நிக்கட்டுமே டீச்சர்.”

“இல்ல.”

“ஒரு மணி நேரம்.”

“பேசுனது பேசுனதுதான்” என்று டீச்சர் விசிலை வாயில் வைத்தார்.

தகப்பனைப் பார்த்தபடியே முருகலட்சுமி தொடையை ஓங்கித் தட்டினாள். முதலில் கிளம்பியவை ஆடுகள்.