கீழ்க்காட்டுத் தண்ணீரில் ஓடிய படம்

எருமப்பட்டிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்குப் பெரிய தொடுதிரை ஒன்று வந்தது. லாரியின் பின்கதவைக் கழற்றிச் சுவரில் மாட்டியதுபோல இருக்கும். இலவசம்தான். ஆனால் தலைதீபாவளி மாப்பிள்ளையைவிட ரோஷம் அதிகம். கரண்டு இம்மி குறைந்தாலும் கோபித்துக்கொண்டு அணைந்துவிடும்.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அதன் நோய் தெரியும். பள்ளிக்கூடத்துக்கும் என் மச்சினன் மயில்சாமியின் கிணற்று மோட்டாருக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். மோட்டார் எழுந்தால் திரை படுத்துவிடும்.

திரையைக் கொடுத்த கம்பெனிக்காரர் வரும் நாளன்று, தலைமையாசிரியை சத்யபிரியா என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"படம் ஓடலைன்னா திரையை வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்களாமுங்கண்ணா. உங்க மச்சினனை மோட்டாரைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்க."

ஓடினேன். மயில்சாமி சின்ன வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான்.

"மத்தியானத்தோட மோட்டாருக்கு வர்ற திரீ பேஸ் கரண்டு போயிருமுங்க மாமா. மேக்காடு நனைஞ்சிருச்சு. கீக்காடு இன்னைக்குக் குடிக்கலைன்னா காஞ்சு போயிரும்."

"உம்பட புள்ள கிருத்திகாதான் திரையைத் தொட்டு விளக்கம் சொல்லப்போறா, மாப்ள. டீச்சர் அவளைத்தான் நிறுத்தியிருக்குது."

அவன் காட்டைப் பார்த்தான், பள்ளிக்கூடத்தைப் பார்த்தான், என்னை முறைத்தான். மோட்டாரை நிறுத்தினான்.

"ஒரே படந்தானுங்க, மாமா."

கம்பெனிக்காரர் வந்தார். கிருத்திகா திரையைத் தொட்டாள். படம் வரவில்லை, வெள்ளை வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது. திரை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறதாம். சுற்றியது, சுற்றியது, பூமிகூட அன்று அவ்வளவு சுற்றியிருக்காது. நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே மயில்சாமி துண்டைப் பிழிந்துகொண்டிருந்தான். அதிலிருந்து தண்ணீர் வந்திருந்தால் கீழ்க்காடு பிழைத்திருக்கும்.

"என்னங்க மாமா பண்ணுது அது?"

"தயாராகுதாம், மாப்ள."

"நான் வெதைச்ச வெங்காயமே இதுக்குள்ள தயாராயிருச்சுங்களே."

ஒருவழியாகப் படம் வந்தது. மண்ணுக்குள் வேர், வேருக்குள் நீலநிறத் தண்ணீர். அது சரசரவென்று ஏறி இலைக்குப் போயிற்று. கிருத்திகா குச்சியால் காட்டிக் காட்டி, குரல் நடுங்காமல் சொன்னாள். வகுப்பே கைதட்டியது. மயில்சாமியும் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டுக் கைதட்டினான்.

"நம்ம கெணத்துத் தண்ணி எங்க போச்சுன்னு இப்பத்தான் தெரியுதுங்க" என்றபடியே வரப்பில் பாய்ந்தான். நானும் பின்னாலேயே ஓடினேன். பச்சைப் பொத்தானை அமுக்கினான். மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியதோடு சரி. திரீ பேஸ் போயிருந்தது. கீழ்க்காட்டில் வெங்காயத் தாள்கள் மஞ்சளாகத் தலைசாய்ந்து கிடந்தன.

திரும்பி வந்தபோது கம்பெனிக்காரர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். மயில்சாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க பொண்ணு அருமையா சொன்னா. அடுத்த வருஷம் இன்னொரு வகுப்புக்கும் ஒரு திரை அனுப்புறோம்."

மயில்சாமி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

"ஏனுங்க, எனக்கு மேக்காடு ஒண்ணுதானுங்க மிச்சம்."