கடலுக்குள் கொட்டிய மணல்

டச்சு நாட்டின் ஸீலந்துக் கடற்கரையில், மணல்மேட்டுக்கு முன்னால் பான்கேக் கடை வைத்திருக்கிறேன். போன கோடை முழுக்கக் கடைக்கு எதிரே ஒரு கப்பல் உறுமிக்கொண்டிருந்தது. ஆழத்துக்குப் போய், துதிக்கை மாதிரிக் குழாயை இறக்கி, அடிமணலைத் தண்ணீரோடு உறிஞ்சி வயிற்றை நிரப்பிக்கொள்ளும். கரையை நெருங்கியதும் அடிவயிற்றுக் கதவுகளைத் திறந்து, அத்தனையையும் கடலுக்குள்ளேயே கொட்டிவிடும். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதை ஓட்டுபவள் என் மனைவியின் தங்கை ஃபென்னா. விடுமுறையில் பான்கேக் சாப்பிட வந்தவளைப் பிடித்துக்கொண்டேன்.

"கரையில போட வேண்டிய மணலத் தண்ணியில போடுறியே, கண்ணு தெரியலையா?"

"கரைக்குக் கொண்டாந்து சேக்க அலை இருக்கு அத்தான். உங்கள மாதிரி இல்ல, சலிச்சுக்காம வேலை பாக்கும்."

மனைவி சிரித்தாள். ஃபென்னாவுக்கு இரண்டாவது பான்கேக் கிடைக்கவில்லை.

குளிர்காலத்தில் பெரும்புயல் அடித்தது. அலைகள் அவள் கொட்டிய மணலில் மோதி உடைந்தன. மணல்மேடு அப்படியே நின்றது. குளிருக்குப் பிரித்து வைத்த கடையை வசந்தத்தில் மறுபடி பொருத்தி நிறுத்தும்போது பார்த்தால், அலை தள்ளி வந்த மணலில் கரை அகன்று கிடக்கிறது. வாய் பிளந்து நின்றேன்.

முதல் வாடிக்கையாளர் உள்நாட்டு நகரமான உத்ரெக்ட்டிலிருந்து வந்தவர். "என்னங்க, கடல் இவ்வளவு தூரம் போயிடுச்சு? நடந்து கால் வலிக்குது."

"தூரமாவே இருக்கட்டுங்க. மேட்டுக்குப் பின்னால என் வீடு, கடல விடத் தாழ்வுல இருக்கு."