புது மீன்கள்

மெக்கானிக் சாயங்காலம் ஆறே காலுக்குக் கதவைத் திறந்தால் போதும், கூடத்துத் தொட்டியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திரியும் பதினாலு நியான் மீன்களும் ஒன்றாய்ச் சேர்ந்துவிடும். எல்லாத் தலையும் ஒரே பக்கம், எல்லா வாலும் ஒரே பக்கம், பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால் ஒரே கொத்தாக நிற்கும். கல்யாணமான புதிதில் மனிதருக்கு அதில் அப்படியொரு பெருமை. லிப்ட் ரிப்பேர் செய்கிறவருக்கு வேறெங்கே மரியாதை கிடைத்தது? மாட்டிக்கொண்டவர்களை மணிக்கணக்காகப் போராடி வெளியே எடுத்தால், வந்தவர்கள் முதலில் திட்டுவது அவரைத்தான். "பாத்தியா, எனக்கு அணிவகுப்பு" என்று மனைவியிடம் சொல்வார். அவள் பாதிச் சிரிப்புச் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு அது முதல் கல்யாணம், அவளுக்கு இரண்டாவது. முதல் கணவர் மாரடைப்பில் போய் இரண்டு வருஷமாகிறது. வீடும் தொட்டியும் ஒன்பது வயது மகளும் அந்த மனுஷன் விட்டுப்போனவை. மகளுக்குப் பள்ளியில் 'வாயாடி' என்று பெயர், டீச்சரே வைத்தது. மெக்கானிக்கோ அந்த வாயிலிருந்து முழுசாக ஒரு வாக்கியம் கேட்டதில்லை. படியேறும்போது உள்ளே பாட்டும் கும்மாளமும் கேட்கும். சாவி திரும்பியதும் டிவி ஊமையாகிவிடும், அம்மாவும் மகளும் சமையலறை வாசலில் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரே ஒரு நாள் அவள் தன்னிடம் வாயடித்துவிட்டால் போதும், ஜென்மம் சாபல்யம் என்று இருந்தது அவருக்கு. கலர் பென்சில் வாங்கிக் கொடுத்தார், கோமாளித்தனம் செய்து பார்த்தார். ம்ஹூம், ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு கோடையில் ஆறு மீன்கள் செத்துப்போக, ஈடுகட்ட வாங்கப் போன இடத்தில் அணிவகுப்பைப் பற்றிப் பீற்றிக்கொண்டார். மீன் கடைக்காரர் வலையைக் கீழே வைத்தார்.

"நிம்மதியா இருக்கிற மீனு அது பாட்டுக்குத் திரியும் சார். பயந்தாதான் இப்படி ஒட்டிக்கும். வீட்ல யாராச்சும் கண்ணாடியத் தட்டுறாங்களா?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடிப்பை நிறுத்தவில்லை.

"அவரு இருந்தப்ப தட்டுவாரு. ஆறே காலுக்கு உள்ள வந்ததும் சாவிக்கொத்தால ஒரு தட்டு. அந்தச் சத்தத்த வெச்சே அன்னிக்கு எங்களுக்கு எப்படிப் போகும்னு தெரிஞ்சிடும்."

அவர் பையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துப் பார்த்தார், அந்த மனுஷனுடையதுதான். செத்த மனுஷனின் வருகையை அல்லவா இத்தனை நாளும், அதே சாவியோடு அதே நேரத்துக்கு, தான் நடத்திக்கொண்டிருந்தது! மறுநாளிலிருந்து சாவியை எடுப்பதை விட்டார். மணி அடித்தார், படியிலேயே பாடிக்கொண்டு வந்தார், ஒரு வாரம் ஏழு மணிக்கு வந்தார். பழைய மீன்கள் மாறவில்லை. ஆறுதலுக்கு இருந்தவை புதிதாக வாங்கி விட்ட ஆறும்தான். அவற்றுக்கு அந்த ஆளைத் தெரியாது. முதல் வாரம் அவர் வந்தாலும் சட்டை பண்ணாமல் திரிந்தன. இரண்டாம் வாரம் இரண்டு மட்டும் செடிப் பக்கம் போயின. மாதம் முடிவதற்குள் பதினாலும் பழையபடி ஒரே கொத்து. பழசு ஓடுகிறது, அதனால் புதுசும் ஓடுகிறது. எதற்கு என்று புதுசு கேட்கவில்லை.

இடுப்புப் பிடிப்பால் அவர் லீவு போட்டிருந்த ஒரு நாள், அம்மாவும் மகளும் செருப்பு வாங்கப் போயிருந்தார்கள். டிவியில் மேட்ச், சத்தமாகத்தான் வைத்திருந்தார். ஓரக்கண்ணில் தொட்டி அசைந்தது. மீன்கள் செடிக்குப் பின்னால் போய்விட்டிருந்தன. ஆறே காலா என்று அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பூட்டில் சாவி திரும்பியது.

கதவு திறந்தபோது டிவி ஊமையாக இருந்தது. ரிமோட் அவர் கையில் இருந்தது. இடுப்பு வலி எங்கே போயிற்றோ, சமையலறை வாசலில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார், எப்படி வந்தார் என்று சத்தியமாக அவருக்குத் தெரியாது. மனைவி அவரைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவள் முகம் வெளுத்துவிட்டது. சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டாள்.

வாயாடிதான் அம்மாவைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"பயப்படாதீங்க. அப்பா இல்ல, நாங்கதான் வந்திருக்கோம்" என்றாள், சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல. சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் வந்து, தோள் இடிக்க நின்றுகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய அம்மாவும் வந்து மறுபக்கம் நின்றாள். மூவரும் திறந்து கிடந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் போய்ச் சாத்தவில்லை.