உறுதியான பாறைக்கு என் முத்திரை

"என்னைச் சுரங்கத்துக்குள்ள விடுங்க, சார்."

இதை மட்டும் கேட்கக்கூடாது என்று இந்த ரயில் சுரங்க வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். மலைத்தெய்வம் பெண்ணாம். இன்னொரு பெண் உள்ளே வந்தால் பொறாமையில் மலையை இடித்துவிடுவாளாம்.

பிரிவுத் தலைவர் குராமொச்சி தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "கல்லு உன் மேசைக்கே வருதே, யோஷிதாகே. அப்புறம் என்ன?"

"ஒரே பையில கருங்கல்லும் இருக்கு, சோப்பு மாதிரி வழுக்குற களிமண்ணும் இருக்கு. அது எந்த இடத்துதுன்னு பார்க்கணும். தண்ணி பட்டா ஊதி, மேல தாங்குற முட்டுக்கட்டைங்களை எல்லாம் வளைச்சுடும்."

வாசலில் நின்ற மேஸ்திரி ஓசே சிரித்தார். "இந்தம்மாவைப் பார்த்தா தெய்வம் பொறாமைப்படாது சார். பயந்து ஓடிடும்."

"போர் நடந்தப்போ எங்கம்மா கியூஷூ சுரங்கத்துல நிலக்கரி சுமந்தாங்க. அப்போ உங்க தெய்வம் லீவுல போயிருந்துச்சா?"

"இப்போ சட்டமே விடாது," என்றார் குராமொச்சி.

தெரியும். போருக்குப் பின் வந்த சட்டங்களில் ஒன்று எனக்குப் பல்கலைக்கழகத்தைத் திறந்தது. இன்னொன்று பெண்களுக்குச் சுரங்கத்தை மூடியது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். பாறையைப் படித்துவிட்டு, பையில் வரும் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"அப்போ நீங்க போய்ப் பாருங்க."

"நேரம் எங்க? ஒலிம்பிக்குக்குள்ள ஒசாகாவுக்குப் புது ரயில் ஓடணும். போர்ல பாதியில விட்ட துளை இது. உறுதியான பாறைன்னு போட்டா முட்டு குறைச்சு, வேகமாத் தோண்டலாம்."

"பார்க்காம எழுத மாட்டேன்."

"நீ எழுத வேணாம். அறிக்கையை நான் எழுதிட்டேன். முத்திரை மட்டும் போட்டா போதும்."

எங்கள் அலுவலகத்தில், கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் பெயர் முத்திரை எல்லோருக்கும் மேசை இழுப்பறையிலேயே கிடக்கும். ஆள் இல்லாவிட்டால் பக்கத்து மேசைக்காரர் எடுத்துக் குத்திவிடுவார். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. நான் வேண்டாம் என்று சொல்வதால் மட்டும் அந்த அறிக்கை நிற்காது.

இழுப்பறையைத் திறந்தேன். பட்டம் வாங்கியபோது அம்மா செய்துகொடுத்த மரமுத்திரை. எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன். இங்கே பாறை படித்தவள் நான் ஒருத்திதான். இது இல்லாமல் அறிக்கை மேலே போகாது.

"எங்க போற? இப்போ போனா திரும்பி வர வேலை இருக்காது."

"தெரியும் சார்."

வாசலில் ஓசே வழிவிடாமல் நின்றார். குரல் இறங்கியிருந்தது. "அம்மா, அந்தக் களிமண்ணு நெசமாவே ஊதுமா?"

"மேசையில இருக்கு. ராத்திரி தண்ணியில போட்டு வச்சுக் காலையில பாருங்க. உள்ள இருக்கறது உங்க ஆளுங்க."

அவர் ஒதுங்கினார். நான் படியிறங்கி, திரும்பிப் பார்க்காமல் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தேன்.