செங்கொடிக்குக் கல்லூரி பார்த்த கதை

கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுத் தெருவே வேலைக்குப் போகாமல் நின்ற வருஷத்தில் பிறந்ததால், மருதையன் மகளுக்குச் செங்கொடி என்று பேர் வைத்தார். பதினெட்டு வருஷம் கழித்து, இன்ஜினியரிங் நேர்காணலுக்கு வரச் சொல்லி அந்தச் செங்கொடிக்குக் கடிதம் வந்தது. கீழ்வேளூர்ப் பக்கத்து அந்தத் தெருவே அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தது. படிக்கத் தெரியாதவர்கள் முத்திரையைத் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

சென்னைக்குப் போய் எந்தக் கல்லூரி என்று சொல்ல வேண்டும். அவள் மார்க்குக்கு இரண்டு கிடைக்கும். ஒன்று, ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்தது. வீட்டிலிருந்தே போய் வரலாம். மற்றது கோயம்புத்தூர். செங்கொடிக்குக் கோயம்புத்தூர் மேல்தான் உயிர். ஆனால் மகள் பள்ளிக்கூடம் விட்டு வரப் பத்து நிமிஷம் பிந்தினால் மதகு வரை வந்து நிற்கிற மனுஷர் மருதையன். கேட்டால் வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா பார்க்க வந்தேன் என்பார். வைகாசியில் வாய்க்கால் வெடித்துக் கிடக்கும்போதும் அதையேதான் சொல்வார். அவரிடம் போய்க் கோயம்புத்தூர் என்று எப்படிச் சொல்வது?

"பக்கத்துலயே படிடி. உங்கப்பா தாங்க மாட்டாரு," என்றாள் அம்மா அம்சம்.

நேர்காணலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நடவு மும்முரத்தில், சங்க மாநாடு என்று சொல்லிவிட்டு மருதையன் மூன்று நாள் போய்விட்டார்.

"செவப்புத் துண்டை வீட்டுல போட்டுட்டு வெள்ளைத் துண்டோட போறாரு. இது எந்த ஊரு மாநாடோ!" என்று அம்சம் முணுமுணுத்தாள்.

திரும்பி வந்தவர் அன்று ராத்திரி பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். மகளைப் பிரிகிற பயம்தான் மனுஷரை இப்படி ஆக்கிவிட்டது என்று செங்கொடி முடிவுகட்டினாள். கோயம்புத்தூரை மனசிலிருந்து எடுத்துப் போட்டாள். வலித்தது, பொய் சொல்வானேன்.

சென்னையில் அப்பாவும் மகளும் போய் உட்கார்ந்த மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி இருந்தார்.

"எந்தக் காலேஜும்மா?"

செங்கொடி பக்கத்துக் கல்லூரியின் பேரைச் சொன்னாள். பேனா தாளைத் தொடுவதற்குள் மருதையன் எழுந்துவிட்டார். மிராசுதார் வீட்டு வாசலில்கூடக் கைகட்டி நிற்காதவர், இங்கே கும்பிட்டார்.

"அம்மா, எழுதிப்புடாதீங்க. கோயம்புத்தூருன்னு போடுங்க."

"பொண்ணு வேற சொல்லுதே?"

"எனக்காகச் சொல்லுதுங்க."

அதிகாரி செங்கொடியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். கோயம்புத்தூர் என்று எழுதியாகிவிட்டது.

வெளியே வந்ததும் அவள் அப்பாவை மறித்துக்கொண்டாள். "நான் வீட்டுலயே இருக்கணும்னுதானேப்பா நெனச்ச?"

"இப்பவும் அதான் நெனைக்கிறேன்."

"அப்பறம் ஏன்?"

மாநாடு எதுவும் இல்லை என்றார் மருதையன். மாப்பிள்ளை வீட்டைச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்து வருவது மாதிரி, இரண்டு கல்லூரியையும் பார்த்து வந்திருக்கிறார்.

"படிப்பைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? ரெண்டு எடத்துலயும் கேண்டீன்ல போயித் தண்ணி கேட்டேன். நம்ம பக்கத்துக் காலேஜுல கேண்டீன்காரன் நல்லாத்தான் பேசுனான். எந்த ஊருன்னான், சொன்னேன். எந்தத் தெருன்னான், அதையும் சொன்னேன். எடுத்த டம்ளரைக் கீழ வச்சுட்டு, கையை ஏந்துன்னான்."

"கோயம்புத்தூர்ல?" என்று கேட்டாள் செங்கொடி.

"ஒண்ணும் கேக்கலை. டம்ளர்ல குடுத்தான். அங்கயும் இதெல்லாம் இருக்கும்மா, இல்லாம இருக்காது. ஆனா நம்ம தெரு எதுன்னு அங்க எவனுக்கும் தெரியாது. நீ பாட்டுக்குப் படிக்கலாம். திரும்பி வர்றப்ப திருச்சி வரைக்கும் பஸ்ஸுல அழுதுக்கிட்டேதான் வந்தேன், அது வேற."

"கையை ஏந்தச் சொன்னவனை நீ சும்மாவா விட்ட?"

கூலிக்காக இரண்டு தடவை ஜெயிலுக்குப் போன மருதையன் தரையைப் பார்த்தார்.

"விட்டுட்டேன். ஒருவேளை நீ அங்கயே படிக்கிறாப்புல ஆயிட்டா, உன்னை ஏதும் பண்ணிருவானோன்னு பேசாம வந்துட்டேன்."

அத்தனை பேர் பார்க்க, செங்கொடி அப்பாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.